மைமல் நேரத்து விரதம்: யாழ்ப்பாண வீடுகளில் பிரதோஷம்

பிரதோஷ நாளில் எங்கள் வீட்டில் முதலில் எழும்புவது கிணற்றடிச் சத்தம்தான். பின்னேரம் நாலு மணி ஆக முன்பே கப்பி கிறீச்சிடத் தொடங்கிவிடும். மோட்டர் பூட்டி, மேலே தாங்கி வைத்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீடுதான். ஆனாலும் அன்றைக்கு அம்மா வாளியால் அள்ளித் தலையில் ஊற்றித்தான் தோய்வார். தோய்ந்துகொண்டே "மோனை, மணி என்ன?" என்று இரண்டு மூன்று தரம் கேட்பார். நாலேகாலுக்குள் வீட்டில் எல்லாரும் தோய்ந்து முடித்துவிட வேண்டும்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பிரதோஷ காலம் தொடங்கிவிட்டால் குளிக்கக் கூடாது. ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையில் இந்த விரதத்துக்கு எழுதிவைத்த விலக்குகளில் அதுவும் ஒன்று. அந்த நேரத்தில் உண்ணக் கூடாது, படுக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, வாகனம் ஏறக் கூடாது, நூல் படிக்கவும் கூடாது. நூல் படிக்காதே என்று ஒரு சமயம் சொல்லுமா என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மம்மாவிடம் கேட்டேன். "அந்த நேரம் அவர் ஆடுறார் பிள்ளை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேணும். வேற என்ன வேலை?" என்றார். அவர் என்று அம்மம்மா சொன்னது சிவபெருமானை.

இந்த விரதத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் விளக்கமும் அதுதான், இன்றுவரை நான் நம்புகிற விளக்கமும் அதுதான். விலக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். சாப்பாடு, படுக்கை, பயணம், படிப்பு என்று ஒரு மாலை நேரத்தை நிரப்புகிற எல்லாமே விலகிப் போகின்றன. வயிறு பகல் முழுவதும் வெறுமையாய்க் கிடப்பது அந்த நேரமும் வெறுமையாய்க் கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான். விரதம் என்றதும் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற கேள்விதான் பலருக்கு முன்னுக்கு வருகிறது. பிரதோஷத்தில் நேரம் முதலாவது, சாப்பாடு அதற்குப் பின்னால்.

சொல்லிலேயே அது இருக்கிறது. பிரதோஷம் என்றால் தோஷம் நீக்குவது என்று பலர் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வடமொழியில் 'தோஷா' என்றால் இரவு. 'ப்ரதோஷ' என்றால் இரவின் தொடக்கம், அந்திப் பொழுது. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு அழகான ஒரு சொல் உண்டு: மைமல். முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நேரம். மாடு பட்டிக்குத் திரும்புகிற நேரம். "மைமலுக்குள்ள வெளியில நிக்காதே" என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிற நேரம். அந்த நேரத்துக்கு உரிய விரதம் இது.

எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதில்தான் வருடம் முழுக்கக் குழப்பம். ஆகவே அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வளர்பிறையிலும் தேய்பிறையிலும் பதின்மூன்றாம் திதி திரயோதசி. அந்தத் திதி மாலையில் நிற்கிற நாள் பிரதோஷ நாள். சூரியன் மறைய முன் மூன்றேமுக்கால் நாழிகை, மறைந்த பின் மூன்றேமுக்கால் நாழிகை, ஆக ஏழரை நாழிகை பிரதோஷ காலம். ஒரு நாழிகை 24 நிமிடம். அப்படிப் பார்த்தால் முன்னுக்கு ஒன்றரை மணித்தியாலம், பின்னுக்கு ஒன்றரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுதுபட்டுவிடும். ஆனி, ஆடியில் ஆறரை மட்டும் வெளிச்சம் நிற்கும். ஆகவே கார்த்திகையில் பிரதோஷ காலம் நாலேகாலுக்கே தொடங்கிவிடும், ஆடியில் ஐந்து மணியளவில்தான் தொடங்கும். கோயில்களில் பெரும்பாலும் நாலரைக்கு அபிஷேகம் தொடங்கி ஆறு, ஆறரைக்குப் பூசை முடிந்துவிடும். ஐயருக்கும் அடியாருக்கும் வசதியான ஒழுங்கு அது. வீட்டில் விரதம் பிடிக்கிறவர்கள் சூரியனைப் பார்த்தே நடக்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மணிக்கூடு இரண்டாவது சாட்சிதான். மேற்கு வேலியில் நிற்கிற பனைகளின் நிழல் கிணற்றுக் கட்டைத் தொட்டால் தோய்ந்து முடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்த சிக்கல் திதி. ஒரு திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரம். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் ஒரு திதி ஏறக்குறைய 19 மணித்தியாலத்திலும் முடியலாம், 26 மணித்தியாலமும் நிற்கலாம். காலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிகிற கிழமைபோல அது நடக்காது. கலண்டரில் துவாதசி என்று போட்டிருக்கிற நாளில் பிரதோஷம் என்றும் போட்டிருப்பதைக் கண்டு, அச்சுப் பிழை என்று நினைத்தவர்கள் உண்டு. பிழை இல்லை. காலையில் துவாதசி நிற்கும். மத்தியானம் அது முடிந்து திரயோதசி வந்துவிடும். இந்த விரதத்துக்கு மாலையில் எந்தத் திதி நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அதற்கும் மேலே யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சங்கடம். எங்களிடம் இரண்டு பஞ்சாங்கம். கொக்குவிலில் இருந்து வருகிற வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, மட்டுவிலில் இருந்து வருகிற திருக்கணித பஞ்சாங்கம் மற்றது. வாக்கியம் பரம்பரையாக வந்த வாக்கியக் கணக்கை வைத்துக் கிரக நிலை சொல்வது. திருக்கணிதம் வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது. இரண்டுக்கும் திதி முடிகிற நேரத்தில் மணிக்கணக்கில் வித்தியாசம் வரலாம். அநேகமான மாதங்களில் இரண்டும் ஒரே நாளையே காட்டும். திதி மாலையை ஒட்டி மாறுகிற மாதங்களில்தான் ஒரு தெருவில் இரண்டு நாள் பிரதோஷம் நடக்கும். "உங்களுக்கு இண்டைக்கோ? எங்களுக்கு நாளைக்கு" என்று வேலிக்கு மேலால் பேசிக்கொள்வார்கள். இதில் எது சரி என்று சண்டை பிடிப்பதை நான் விரும்புவதில்லை. உங்கள் வீட்டில் திவசமும் கலியாண நாளும் எந்தப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறீர்களோ அதிலேயே பிரதோஷத்தையும் பாருங்கள். மாதத்துக்கொன்று மாறி மாறிப் பார்த்தால்தான் மனம் தடுமாறும்.

என் தங்கை லண்டனில் இருக்கிறாள். "அக்கா, யாழ்ப்பாணத்துக் கலண்டரைப் பார்த்து இங்க பிடிக்கலாமோ?" என்று கேட்டாள். பிடிக்க முடியாது என்றில்லை. ஆனால் நாள் மாறிவிடக் கூடும். திதி உலகம் முழுவதும் ஒரே கணத்தில் மாறுகிறது, சூரியன் மறைவதோ ஊருக்கு ஊர் வேறு. இங்கே கோடையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குத் திரயோதசி முடிகிறது என்று வையுங்கள். எங்கள் மாலைக்குத் திதி நிற்கிறது, எங்களுக்கு அன்றைக்குப் பிரதோஷம். அதே கணம் லண்டனில் பின்னேரம் மூன்றரை. அங்கே ஆனி மாதத்தில் பொழுதுபட ஒன்பதேகால் தாண்டும். அவளுடைய மாலை வருகிறபோது சதுர்த்தசி வந்துவிட்டிருக்கும். ஆகவே அவளுக்குப் பிரதோஷம் முதல் நாளே வந்து போயிருக்கும். மார்கழியில் அங்கே நாலு மணியளவிலேயே பொழுதுபட்டுவிடும். பிரதோஷ காலம் மத்தியானம் இரண்டரைக்கே தொடங்கும், வேலையில் நிற்கிற நேரம். அவள் இப்போது லண்டனுக்குக் கணித்த பஞ்சாங்கத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறாள். அதுதான் முறை. விரதம் அவள் நிற்கிற இடத்துச் சூரியனுக்கு உரியது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேவரும் அசுரரும் மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு பாற்கடலைக் கடைகிறார்கள். அமுதம் வர முன் ஆலகாலம் வருகிறது. ஓடி வந்து விழுந்தவர்களுக்காகச் சிவபெருமான் அந்த நஞ்சை எடுத்து உண்கிறார். அது மிடற்றில் நின்று நீலமாகிறது. ஏகாதசியில் நஞ்சுண்டு, திரயோதசி மாலையில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே ஆடினார் என்பது மரபு. அது சனிக்கிழமை என்பதால்தான் சனிப் பிரதோஷத்துக்கு அத்தனை சிறப்பு. ஆண்டுக்கு மூன்று நாலு தடவைதான் சனிப் பிரதோஷம் வாய்க்கும், புதிதாக விரதம் தொடங்குகிறவர்களும் அந்த நாளில்தான் தொடங்குவார்கள்.

இந்தக் கதையில் என்னை எப்போதும் தொடுவது நஞ்சு உண்ட பிறகு நடந்தது. அமுதம் கிடைத்த மகிழ்ச்சியில் தேவர்கள் நஞ்சை வாங்கிக்கொண்டவரை மறந்து போனார்கள், பிறகு உணர்ந்து வந்து பிழை பொறுக்கும்படி வேண்டினார்கள் என்று சொல்வார்கள். அந்த வேண்டுதலுக்குப் பதிலாக வந்தது தண்டனை அல்ல, ஆட்டம். பிரதோஷ வழிபாட்டில் கேட்டுப் பெறுவதை விட நினைத்துப் பார்ப்பது முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இந்த இடம்தான் காரணம்.

கோயிலில் இதை நந்தியின் பக்கத்தில் நின்று காணலாம். வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலிலும், நல்லூர்க் கைலாசநாதர் கோயிலிலும், கீரிமலை நகுலேஸ்வரத்திலும், காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்திலும் அன்றைக்கு நந்திக்கும் அபிஷேகம் உண்டு. அறுகம்புல் மாலை சாத்தி, கொம்புகளுக்கு இடையால் மூலவரைப் பார்ப்பார்கள். வீதி சுற்றுவதிலும் தனி முறை ஒன்று இருக்கிறது. சோமசூக்தப் பிரதட்சிணம் என்று பெயர். அபிஷேக நீர் வழிகிற கோமுகையைக் கடக்காமல், போன வழியே திரும்பி மறுபக்கத்தால் வருவது. வீட்டில் நந்தி ஏது? எங்கள் வீட்டில் இருந்தது. அம்மம்மா மாட்டுக் கொட்டிலுக்குப் போய் வெள்ளைப் பசுவின் நெற்றியில் சந்தனம் தொட்டு வைத்து, ஒரு பிடி அறுகு கொடுத்து, அதன் கொம்புகளுக்கு மேலால் மேற்கு வானத்தைப் பார்த்துக் கையெடுப்பார். அவ்வளவுதான். அந்தப் பசு அசையாமல் நிற்கும்; கழுத்து மணி மட்டும் மூச்சுக்கு ஒருமுறை கிணுங்கும்.

கோயில் இருக்க வீட்டில் ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாவலர் வீட்டுப் பூசையோடு கோயில் தரிசனத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். போகக் கூடியவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவம் பலமுறை வீட்டுக்குள்தான் உயிரோடு இருந்திருக்கிறது.

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்குப் போனது. கோயில்கள் இடிபட்டன. அதன்பின் 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். வெளிப்படையாக வழிபட அப்போதும் இடமில்லை. அந்தக் காலத்தில் விரத நாளில் வாழையிலையில் சாப்பிட்டவர்கள், உண்ட இலையை வெளியே எறிந்தால் பிடிபடுவோம் என்று கூரை ஓலைக்குள் செருகி மறைத்தார்கள் என்பது எங்கள் ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை. அம்மம்மா அதைத் தன் அம்மம்மாவிடம் கேட்டதாகச் சொல்வார். சாப்பிட்டு முடிந்து இலையை மடிக்கும்போது எனக்கு எப்போதும் அந்தக் கூரை நினைவு வரும்.

அந்நியரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த என்னால் முடியாது. எங்கள் சொந்த மக்களில் ஒரு பகுதியினரைச் சாதி சொல்லி நாங்களே கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். 1957 இல் சமூகக் குறைபாடுகளுக்கு எதிரான சட்டம் வந்த பிறகும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நந்தியின் கொம்பிடையே பார்க்க விடப்படாத அந்தக் குடும்பங்களிலும் பிரதோஷம் பிடித்தார்கள். திண்ணையைச் சாணத்தால் மெழுகி, ஒரு விளக்கை ஏற்றி, தேவாரம் படித்தார்கள். அந்த விளக்குக்குக் கோயில் விளக்கைவிட ஒளி குறைவு என்று யார் சொல்வார்?

என் காலத்தில் நான் கண்டது 1995. போருக்குத் தப்பி ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை மழையில் கடந்து, மீசாலையில் ஒரு உறவுக்காரர் வளவுக்குள் போய்ச் சேர்ந்தோம். ஒரு வீட்டில் எட்டுக் குடும்பம். அந்தக் கிழமைக்குள் வளர்பிறைப் பிரதோஷம் வந்தது. சுவாமிப் படம் எதுவும் கொண்டுவரவில்லை. அம்மம்மா தேசிக்காய் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பிழிந்து, தோலைக் குடைந்து, கடனாக வாங்கிய ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை விட்டு, சேலைத் தலைப்பில் கிழித்த துணியைத் திரியாக்கினார். மாமரத்தடியில் அந்த விளக்கு எரிந்தது. மண்ணெண்ணெய்க்கே வழியில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் ஊரெல்லாம் படித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எண்ணெய் வீணாகக் கூடாது என்று திருநீறு பூசி முடிந்ததும் பூவால் விளக்கை நூர்த்துவிட்டார். பிறகு இருட்டுக்குள் இருந்தே நமசிவாய சொன்னோம். எட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளும் சுற்றி இருந்தோம். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

ஆகவே வீட்டில் பிரதோஷம் பிடிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் நீளமான பட்டியல் சொல்வதில்லை. காலையில் சுவாமி அறையைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாம். பின்னேரம் தோய்ந்து, துவைத்த உடுப்பு உடுத்து, கிழக்கையோ வடக்கையோ பார்த்து இருந்து, கீழே சிந்தாமல் திருநீறு பூச வேண்டும். குத்துவிளக்கு இருந்தால் குத்துவிளக்கு, தூண்டாமணி இருந்தால் அது, இல்லாவிட்டால் அகல். மஞ்சளிலோ சாணகத்திலோ பிள்ளையார் பிடித்து அறுகு செருகி முதலில் அவரைக் கும்பிட வேண்டும். சிவனுக்கு வில்வம் இருந்தால் போதும். கொன்றையோ நந்தியாவட்டையோ முற்றத்தில் பூத்திருந்தால் அதுவும் சேரும். சிரட்டைக் கரித் தணலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டுவது எங்கள் வழக்கம். பிறகு பஞ்சபுராணம் ஓதுவது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. பிள்ளைகள் ஓத வேண்டும். சுருதி பிசகினாலும் பெரியவர்கள் இடையில் திருத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. ஓதி முடிந்ததும் கற்பூரம். அதன்பிறகு நேரம் முடியுமட்டும் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கடினம். கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தால் பாதிக் கடினம் குறையும்.

இந்த இடத்தில்தான் நான் மனம் விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று வருகிறது. பிரதோஷம் மாதத்தைப் பொறுத்து ஏழேகாலில் இருந்து எட்டு மணிக்குள் முடிகிறது. முடிந்ததும் விரதகாரர் சாப்பிட வேண்டும். அந்தச் சாப்பாட்டைச் சமைப்பது யார்? எத்தனையோ வீடுகளில் பகல் முழுக்கப் பட்டினி கிடந்த பெண்தான். ஐந்து மணிக்கு விளக்கு ஏற்றுகிறாள். ஐந்தரைக்கு அடுப்படிக்கு ஓடுகிறாள். சோறு வடிக்கிறாள், திருவலையில் இருந்து தேங்காய் திருவுகிறாள், பருப்புக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் மாறி மாறி அகப்பை போடுகிறாள். சுவாமி அறையில் ஆண்கள் தேவாரம் ஓதுகிற சத்தம் அவளுக்குத் தாளிதச் சத்தத்தோடு கலந்துதான் கேட்கிறது. ஆடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், விரதம் பிடித்தவள் ஒருத்திதான் பார்க்கவில்லை. நான் முப்பது வருடம் இப்படித்தான் விரதம் பிடித்தேன், அம்மாவும் அப்படித்தான்.

இதை மாற்றுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. விரதச் சட்டி பானைகளை எடுத்துக் கழுவி, மூன்று மணிக்குள் கறிகளை முடித்து மூடி வைக்கலாம். சோற்றை மட்டும் பிந்தி வைக்கலாம். அல்லது ஒரு பச்சையரிசிப் புக்கையும் வாழைப்பழமும் போதும். சிவனுக்கு ஏழு கறி வேண்டும் என்று எந்த நூலிலும் நான் காணவில்லை. எங்கள் வீட்டில் இப்போது பிரதோஷத்தன்று அடுப்படி என் கணவருடையது. முதல் தரம் பருப்பு அடிப்பிடித்தது. அந்தப் பருப்பைத்தான் படைத்தோம், அதைத்தான் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பிரதோஷ காலம் முழுவதும் எழும்பாமல் விளக்குக்கு முன்னால் இருந்தேன். வெளிச்சம் யன்னல் கம்பியில் இருந்து மெல்ல மெல்ல இறங்கி நிலத்துக்கு வந்து, பிறகு இல்லாமல் போனதை அன்றுதான் கண்டேன். அத்தனை வருடம் பிடித்த விரதத்தின் நடுப்பகுதியை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முடிந்தவர்கள் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருப்பார்கள். பலர் பாலும் பழமும் எடுப்பார்கள். காலையில் ஒரு தேத்தண்ணியோடு நிற்பவர்களும் உண்டு. வெங்காயம், உள்ளி சேர்ப்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. மச்சம் புழங்குகிற வீடுகளில் விரதச் சட்டிகள் தனித் தட்டில் இருக்கும்.

ஆனால் வருத்தக்காரரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு நீரிழிவு. நாலு வருடத்துக்கு முன் ஒரு சனிப் பிரதோஷத்தன்று காலைக் குளிசையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டார். பின்னேரம் திரி போடும்போது கை நடுங்கியது. எண்ணெய் வெளியே சிந்தியது. நெற்றி முழுக்க வியர்வை. நல்லவேளை பக்கத்தில் இருந்தேன். சீனி போட்ட தண்ணீர் கொடுத்து, பிறகு பிஸ்கட் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் தெளிந்தார். தெளிந்ததும் அழுதார். "விரதம் முறிஞ்சு போச்சே மோனை" என்று.

முறியவில்லை. அம்மாவுக்கு நான் சொன்னதும் அதுதான். நாவலர் விரதத்துக்குச் சொன்ன வரைவிலக்கணத்தை அவருக்கே நினைவுபடுத்தினேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியவர்தான். மனம் பொறிவழி போகாமல் நிற்பதற்காக, உணவை விடுத்தேனும் சுருக்கியேனும் கடவுளை மனம், வாக்கு, காயம் மூன்றாலும் மெய்யன்போடு வழிபடுவது என்கிறார். 'சுருக்கியேனும்' என்ற அந்த ஒரு சொல் நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும், வயல் வேலைக்குப் போகிறவருக்கும் இடம் விட்டிருக்கிறது. இன்சுலினும் சில வகைக் குளிசைகளும் வெறும் வயிற்றிலும் சீனியை இறக்கிக்கொண்டே போகும். ஆகவே விரத நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்பதை முதலே வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். அம்மா இப்போது பிரதோஷத்தன்று மூன்று நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார், நாலேகாலோடு நிறுத்துகிறார். விளக்குக்கு முன்னால் இருக்கிற அந்த நேரத்தை அவர் இன்றும் விடவில்லை.

துடக்கு வந்தால் என்ன செய்வது என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இழவுத் துடக்கில் விளக்கு வைப்பதை வேறொரு வீட்டாரிடம் விட்டுவிடுவது ஊர் வழக்கம். மாதவிலக்கு நாளில் சுவாமி அறைக்குள் போகாமல் இருப்பதும் வழக்கம்தான். அம்மம்மா அதைக் கடுமையாகக் காத்தவர். ஆனால் அந்த நாட்களிலும் அவர் பகலில் சாப்பிட மாட்டார். கிணற்றடித் துவைக்கிற கல்லில் மேற்கைப் பார்த்து இருந்து வாய்க்குள் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருப்பார். நமசிவாய என்பதற்கு விலக்கு இல்லை என்பார். என் மகள் என்னைக் கேட்டபோது நான் சொன்னதும் இதுதான். அறைக்குள் போவதா விடுவதா என்பதை அவள் தன் மனத்தைக் கேட்டு முடிவு செய்யட்டும் என்றும் சொன்னேன். அந்தி எல்லாருக்கும் ஒன்றாகத்தான் வருகிறது.

பிரதோஷத்தால் கடன் தீரும், வேலை கிடைக்கும், இத்தனை பிரதோஷம் பிடித்தால் இன்ன பலன் என்று கணக்குப் போட்டுச் செய்திகள் வருகின்றன. அந்த நேரத்தில் உடம்புக்குள் என்னென்னவோ நடக்கிறது என்று விஞ்ஞானத்தின் பெயராலும் வருகின்றன. இவற்றை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. நஞ்சை வாங்கிக்கொண்ட ஒருவரை மாதம் இரண்டு மாலை மறவாமல் நினைப்பதற்கு இந்த முண்டுகோல்கள் எதற்கு?

பிரதோஷ நேரம் முடிந்ததும் இலை போடுகிறோம். மற்ற விரதங்களில் முதற் பிடி காகத்துக்கு. மத்தியானம் மதிலில் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டால் எங்கிருந்தோ வந்துவிடும். அது கொத்தின பிறகுதான் நாங்கள் கை வைப்போம். பிரதோஷத்தில் அது முடியாது. காகமெல்லாம் அடைந்துவிட்ட நேரம். அதற்காக அம்மம்மா அந்தப் பிடியை விட்டுவிடவில்லை. துண்டு வாழையிலையில் ஒரு கவளம் புக்கையை வைத்து, மேலே இன்னொரு துண்டால் மூடி, காற்றுக்குப் பறக்காமல் ஒரு சின்னக் கல்லும் வைத்து, மதிலில் வைத்துவிட்டு வந்துதான் சாப்பாட்டுக்கு இருப்பார். அம்மாவும் அப்படியே செய்கிறார். விடியப்புறம் நான் முற்றம் கூட்டப் போகிறபோது கல் கீழே விழுந்திருக்கும், மேல் இலை வேலியோரம் கிடக்கும், மதிலில் இரண்டு மூன்று பருக்கை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.